முகத்துக்குள் ஒரு தகடு: எடுக்கவா, விடவா?

சிவகாசிப் பக்கம் திருத்தங்கலில் கால் உடைந்து கம்பி வைத்துக்கொண்டவர்களுக்குப் பஞ்சமில்லை. தொடைக்குள் ராடு, முழங்காலுக்குக் கீழே பிளேட் என்று வைத்து, ஒன்றரை வருடம் கழித்து மறுபடி அட்மிட் ஆகி எடுத்தும் விடுவார்கள். எடுத்த கம்பியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் முகத்துக்கும் கேள்வி வருகிறது. பைக்கில் விழுந்து தாடை உடைந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "பிளேட்டை எப்ப எடுப்பாங்களாம்?"

பெரும்பாலும் எடுக்கவே மாட்டார்கள். இதைக் கேட்டதும் வீட்டில் கலக்கம் வந்துவிடுகிறது. டாக்டர் மறந்துவிட்டாரோ, பெரியாஸ்பத்திரி என்பதால் அப்படியே விட்டுவிட்டார்களோ, உடம்புக்குள் உலோகம் கிடந்தால் பின்னாளில் புற்றுநோய் வருமோ என்று பேச்சு வளர்கிறது. இதற்கு நேர் எதிரானவர்களும் இருக்கிறார்கள். தாடைக்குள் மாதக்கணக்கில் சீழ் கசிந்தாலும், "பிளேட் உள்ளேயே இருக்கும்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள். முதல் தரப்பு வீணாகப் பயப்படுகிறது. இரண்டாவது தரப்பு பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை.

வளர்ந்த ஒருவரின் முகத்தில் சத்தமில்லாமல் கிடக்கும் டைட்டானியம் தகட்டைத் தேடிப் போய் எடுக்கத் தேவையில்லை. தொந்தரவு கொடுக்கிற தகட்டை விட்டு வைக்கக் கூடாது. எது தொந்தரவு என்பதை நோயாளிக்கு முதல் ஆபரேஷன் முடிந்த கையோடு தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்த மூன்றாவது வேலைதான் நடப்பதே இல்லை. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமும் அதுதான்.

வெடியால் அல்ல, சாலையால்

சிவகாசிப் பக்கம் ஒருவருக்கு முகம் உடைந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் வெடி விபத்து என்றே நினைக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. ஆனால் வெடி விபத்து பெரும்பாலும் தீக்காயமாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. முக எலும்பை உடைப்பதில் நாடு முழுக்க முதல் இடம் சாலை விபத்துக்கு. 2022இல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வழியாக விருதுநகர் போகும் சாலையில் காலையில் நின்று பார்த்தால் போதும். பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிறவர்களின் பைக், அச்சகத்துக்குப் பேப்பர் ஏற்றிய லாரி, பட்டாசுப் பண்டல் ஏற்றிய வேன் எல்லாம் ஒரே தடத்தில் முட்டி மோதுகின்றன. ஹெல்மெட் போட்டவர்களில் பலர் போட்டிருப்பது தலையின் மேல்பாதியை மட்டும் மூடுவது. அது மூளையைக் காப்பாற்றலாம், தாடையைக் காப்பாற்றாது.

கையையும் காலையும் முறித்துக்கொண்டவர்கள் புத்தூர் கட்டுக்குப் போவது இன்னும் நடக்கிறது. முகத்துக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. 2002 மே மாதம் ஆன்டிகுவா டெஸ்ட்டில் மெர்வ் தில்லான் வீசிய பந்தில் தாடை உடைந்த அனில் கும்ப்ளே, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவின் விக்கெட்டை எடுத்தது நினைவிருக்கும். அந்தக் கட்டு தாடை அசையாமல் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். எலும்பைச் சேர்க்க அவர் பெங்களூரு திரும்பி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வாயைக் கட்டிய நாட்கள்

தகடு வருவதற்கு முன்னால் தாடை முறிவுக்கு வைத்தியம் வாயைக் கட்டுவதுதான். மேல் பல் வரிசையிலும் கீழ் பல் வரிசையிலும் உலோகப் பட்டை வைத்துக் கம்பியால் முறுக்கி, இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். நாலிலிருந்து ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. கஞ்சியும் ஜூஸும் ஸ்ட்ரா வழியாக. வாந்தி வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், அவசரத்துக்குக் கம்பியை வெட்ட ஒரு கட்டரைப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லுவார்கள். இந்த வைத்தியம் இன்றும் ஒழிந்துவிடவில்லை. சில வகை முறிவுகளுக்கு இதுவே போதும் என்று டாக்டர்கள் முடிவு செய்வதுண்டு.

எலும்பின் மேல் உலோகத் தகடு வைத்துத் திருகி முடுக்கும் யோசனை பழையது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹான்ஸ்மன் 1886இலேயே அதைச் செய்து எழுதியிருக்கிறார். முகத்துக்கு ஏற்ற சின்னத் தகடு வந்தது அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, பிரான்ஸிலிருந்து. மிஷலே என்ற மருத்துவர் 1973இல் தொடங்கி வைத்ததை, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மாக்ஸிம் ஷாம்பி 1978இல் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். மெல்லும்போது கீழ்த்தாடையின் மேல் விளிம்பு இழுபடுகிறது, கீழ் விளிம்பு அழுத்தப்படுகிறது. இழுபடுகிற கோட்டின் மேல் ஒரு சின்னத் தகடு வைத்தால் போதும், மீதியை மெல்லும் தசையே பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முன்தாடையில் மட்டும் எலும்பு முறுக்கிக்கொள்வதால் அங்கே இரண்டு தகடு. திருகு எலும்பின் வெளிச் சுவரோடு நின்றுவிடும், பல் வேரையும் நரம்பையும் தொடாது. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவு. வாய்க்குள்ளேயே கீறி வைத்துவிடுவதால் வெளியே தழும்பு கிடையாது.

இன்று மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ தனியாரிலோ தாடை உடைந்தவருக்கு மறுநாளே மெல்ல வாய் திறந்து பேச முடிகிறதென்றால், அந்தக் கணக்கின் பலன்தான். தினக்கூலிக்காரருக்கு ஆறு வாரம் வாய் கட்டிக் கிடப்பதற்கும் சில நாளில் ரசஞ்சோறு சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். தகட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுப்பதா விடுவதா என்ற தகராறும் அந்த ஸ்ட்ராஸ்பர்க்கின் பெயரில் இயங்கிய ஆய்வுக் குழுவிடமிருந்தே தொடங்குகிறது. 1991இல் நெதர்லாந்தின் வோலண்டாம் நகரில் கூடி அவர்கள் ஒரு கருத்துக்கு வந்தார்கள். எலும்பு கூடியதும் தகட்டுக்கு வேலை முடிந்தது, அதன் பிறகு அது உடம்புக்கு அந்நியப் பொருள். அது கெடுதல் செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, கெடுதலே செய்யாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆகவே நோயாளிக்கு ஆபத்தில்லாமல் எடுக்க முடியுமானால் எடுப்பது விரும்பத்தக்கது. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுதானே முறை என்கிற நியாயம்.

நியாயம் சரிதான். ஆனால் சாரத்தைப் பிரிக்கச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. தகட்டை எடுக்க மறுபடி மயக்க மருந்து, மறுபடி கீறல், மறுபடி நரம்புப் பக்கம் கத்தி. ஜெர்மன் பேசும் நாடுகளில் வழக்கமாகவே எடுக்கும் மரபு நீண்ட காலம் இருந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விட்டுவிடுவதே வழக்கமானது. தகடு வைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்துப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளில் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. மிகப் பெரும்பான்மையோருக்குத் தகட்டை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதிலும் கீழ்த்தாடைத் தகடுகளே அதிகம்.

கடற்கரை மணலும் கம்பி மத்தாப்பும்

பயத்தின் வேர் "உடம்புக்குள் இரும்பு" என்கிற நினைப்பில் இருக்கிறது. முகத்தில் இப்போது பெரும்பாலும் வைப்பது டைட்டானியம். எடையில் எஃகில் பாதிக்குச் சற்று மேல். காற்றும் ஈரமும் பட்டதும் தன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை துருப்பிடிக்காது. அதனால்தான் எலும்பு அதை விரட்டாமல் ஒட்டிக்கொள்கிறது. ஸ்வீடனின் பிரோனேமார்க் 1952இல் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைப் பிரித்தெடுக்க முடியாமல் போனதில் கண்டுகொண்டது இதைத்தான். இன்றைய பல் இம்ப்ளான்ட் எல்லாம் அதன் வழி வந்தவை. நம் தென்கடலோரக் கருமணலில் இந்த உலோகத்தின் தாது கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் உலகுக்குக் காட்டினார். கொல்லம் பக்கம் சவராவில் 2011இல் டைட்டானிய உலோகம் தயாரிக்கும் ஆலையும் வந்தது.

பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு, அது நியாயமான கவலை. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புச் சாமானுக்கு இடமில்லை. பித்தளை, மரம் என்று பொறி பறக்காத கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க, முகத்துக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போகலாமா? போகலாம். பொறி வர இரண்டு கடினமான பொருள்கள் வெளியில் உரச வேண்டும். சதைக்கும் தோலுக்கும் அடியில் கிடக்கும் தகடு எதனோடும் உரசுவதில்லை. மத்தாப்பில் வெள்ளைப் பொறி தருகிற உலோகத் தூள்களில் டைட்டானியமும் ஒன்று என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பயப்படக்கூடும். தூளாக இருக்கும்போது எரிகிற உலோகம், கெட்டித் தகடாக உடம்பின் ஈரத்துக்குள் இருக்கும்போது எரிவதற்கு வழியே இல்லை. அதேபோல இடியும் அதைத் தேடி வராது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காந்தம் அதைப் பிடித்து இழுக்காது. ஆனாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தகடு இருக்கும் இடத்தில் படம் கொஞ்சம் கலங்கும். தகட்டைச் சுற்றியுள்ள சதையிலும் நெறிகட்டுகளிலும் டைட்டானியத் துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் நோய் வந்தது என்று காட்டப்படவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டின் கதை வேறு. விலை குறைவு என்பதால் நம் நாட்டில் அது முழுக்க மறைந்துவிடவில்லை. அதில் நிக்கல் இருக்கிறது. கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. நாள்பட்டால் தகடே அரிக்கப்படலாம், ஸ்கேன் படத்தையும் அதிகமாகக் கெடுக்கும். எஃகுத் தகடு என்றால் எடுத்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அதனால்தான் தன் முகத்தில் இருப்பது எந்த உலோகம் என்று தெரியாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்

சீழ்தான் முதல் காரணம். ஈறு ஓரத்திலோ தாடைக்கு வெளியிலோ ஒரு சின்னத் துளை, அதில் அவ்வப்போது கசிவு, வாய் நாற்றம், மாத்திரை போட்டால் அடங்கி நிறுத்தினால் திரும்ப வருவது. திருகு ஒன்று கழன்றிருக்கலாம், முறிந்த கோட்டில் இருந்த பல் கெட்டிருக்கலாம். உலோகத்தின் மேல் கிருமி ஒரு படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை அதற்குள் போய்ச் சேராது. ஆபரேஷன் ஆன சில வாரத்திலேயே சீழ் வந்தால் கதை சற்று மாறும். தகடு ஆடாமல் இறுக்கமாக இருந்தால், சீழை வடித்து மருந்து கொடுத்து, எலும்பு கூடும்வரை அதை வைத்திருந்து பிறகு எடுப்பார்கள். ஆடினால் எடுத்துவிட்டு வேறு தகடு வைக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை, மது, கட்டுப்படாத சர்க்கரை இந்த ஐந்தும் சீழுக்கு வாசல் திறந்து விடுபவை. ஆபரேஷன் முடிந்து வாய்க்குள் தையல் இருக்கும்போதே பீடியைப் பற்ற வைக்கிறவரை வீட்டிலுள்ளவர்கள் சண்டை போட்டாவது நிறுத்த வேண்டும்.

தகடு வாய்க்குள் வெளியே தெரிவது, திருகு முனை நாக்கில் தட்டுப்படுவது, மேல்தாடைத் தகட்டால் சைனஸ் ஓயாமல் தொல்லை தருவது, விழுந்த பல்லுக்குப் பதில் பல்செட்டோ இம்ப்ளான்டோ வைக்கத் தகடு குறுக்கே நிற்பது, வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருப்பது இவையும் மருத்துவர் முன் வைக்க வேண்டிய காரணங்கள். தீக்காயம் பட்டு ஆறிய தோலும், தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலும் மெல்லியவை. அதனடியில் தகடு இருந்தால் தோல் தேய்ந்து வெளியே வரக்கூடும். வெடி விபத்தில் எலும்பும் உடைந்தவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணத்தை மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதாக எனக்கு வருத்தம். புருவத்தின் வெளி ஓரத்திலும் கண்ணுக்குக் கீழ் விளிம்பிலும் தோல் மெல்லியது. அங்கே வைத்த தகடு விரலுக்குத் தட்டுப்படும். சிலருக்குக் குளிரில், ஏ.சி. அறையில் அந்த இடம் விண்ணென்று வலிக்கும். பவுடர் போடும்போதெல்லாம், முகம் கழுவும்போதெல்லாம் அந்த மேடு விரலில் பட்டு விபத்து நாள் திரும்ப நினைவுக்கு வருகிறது என்று ஒரு பெண் சொன்னால், "மெடிக்கலா ஒண்ணுமில்லம்மா" என்பது பதிலாகாது. எடுத்தால் என்ன ஆகலாம் என்று முழுக்கச் சொல்லி, அதற்குப் பிறகும் அவர் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். முகம் அவருடையது.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கே தலைகீழ். வளரும் எலும்பு தகட்டைத் தன்னுள் மூடிக்கொண்டு வளரும். சின்னக் குழந்தையின் மண்டையோட்டில் வைத்த தகடு வருடங்கள் போகப் போக உட்பக்கமாகவே போய்விடுவதும் உண்டு. தாடைக்குள் இன்னும் முளைக்காத நிரந்தரப் பற்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அதனால் குழந்தைகளுக்கு முடிந்தவரை தகடு வைக்காமல் பார்ப்பார்கள். வைத்தால் எலும்பு கூடிய இரண்டு மூன்று மாதத்தில் எடுத்துவிடுவது பரவலான வழக்கம். தானே கரைந்துபோகும் தகடுகளும் இருக்கின்றன, வகையைப் பொறுத்து ஒரு வருடத்திலோ அதற்கு மேலோ உடம்பே அவற்றைக் கரைத்துவிடும். விலை கூடுதல், பலம் குறைவு. பிள்ளைக்குத் தகடு வைத்திருக்கிறார்கள் என்றால், "எப்போது எடுக்கக் கூட்டிவரணும்?" என்று பெற்றோர் தேதியைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

எடுக்கும் ஆபரேஷன்

முன்தாடைத் தகடு என்றால் பெரும்பாலும் மரக்கவைக்கும் ஊசியே போதும். பின்தாடை, கன்ன எலும்பு என்றால் முழு மயக்கம் தேவைப்படலாம். பழைய கீறலிலேயே போய், திருகுகளைக் கழற்றி, தகட்டை எடுத்துத் தைத்துவிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் விட்ட தகட்டின் மேல் எலும்பு வளர்ந்து மூடியிருந்தால் அதைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அது இழுபட்டால் உதடு மாதக்கணக்கில் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே.

இன்னொரு சிக்கல், கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். திருகின் தலையில் உள்ள பள்ளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை தேய்ந்துபோகும், அப்புறம் திருகைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். முதலில் வைத்தது எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால் மருத்துவர் சரியான கருவியோடு உள்ளே போவார். அந்த விவரம் தகடு வந்த உறையின் ஸ்டிக்கரில் அச்சாகி இருக்கிறது. ஸ்டிக்கரை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறது. நோயாளி கையில் கிடைக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரி மட்டுமே மிஞ்சுகிறது. ஐந்து வருடம் கழித்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த ஒரு வரியும் தொலைந்திருக்கும்.

காகிதமும் காசும்

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் தகடு தொல்லை தருவது மாதங்கள் கழித்து. அப்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அரசு மருத்துவமனை, தொழிலாளியாக இருந்தால் இ.எஸ்.ஐ. இவற்றைத்தான் நாட வேண்டும். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம்தான். தனியாரிடம் கையிருப்பைக் கரைப்பதற்கு முன் இங்கெல்லாம் கேட்டுவிட வேண்டும்.

விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்கால மருத்துவச் செலவு என்று ஒரு தலைப்பில் தீர்ப்பாயத்தில் பணம் கேட்கலாம், உலோகத்தை எடுக்கும் செலவும் அதில் வரும். முகத் தகட்டை எடுக்க வேண்டி வருமா, வரக்கூடுமா என்று சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமே எழுத்தில் வாங்குவதுதான் சரி. வக்கீல் சொன்னார் என்பதற்காகத் தேவையில்லாத ஆபரேஷனுக்கு யாரும் படுக்க வேண்டாம்.

சீழ் இல்லாத, அவசரமில்லாத தகட்டை எடுக்க நாள் பார்க்கிற பயர் ஆபீஸ் தொழிலாளி தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம், கூலி அதிகம் போகாது. போகும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் முதலில் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் ஐ.பி. எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம், நோயாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. இப்போதுதான் ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருப்பவரின் வீட்டார் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. எந்த உலோகம், எத்தனை தகடு, எத்தனை திருகு, எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும், எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டிக்கரை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.